சோர்வு நோயும் டி.என்.ஏ.வில் பதுங்கிய வைரஸும்: ஆய்வுச் செய்தியைப் படிப்பது எப்படி?

நாள்பட்ட சோர்வு நோய்க்கு ரெட்ரோவைரஸ் (தன் மரபுப்பொருளை நம் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும் வைரஸ் வகை) தான் காரணம் என்று ஒரு செய்தி வந்தால், அது வெளியிலிருந்து தொற்றும் வைரஸா, உள்ளுறை வைரஸா என்று முதலில் பாருங்கள். உள்ளுறை ரெட்ரோவைரஸ்கள் (சுருக்கமாக ஹெர்வ்) ரொம்பப் பழையவை. நம் மூதாதை உயிரினங்களின் விந்து, முட்டைச் செல்களுக்குள் எப்போதோ புகுந்து டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வாரிசு வாரிசாக வந்தவை, இன்று மனித மரபுத்தொகையில் சுமார் 8 சதவீதம். ஆகவே "நோயாளிகளிடம் ஹெர்வ் இருந்தது" என்ற வரிக்கு அர்த்தமே இல்லை, அது எனக்கும் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது.

அப்புறம், எதை அளந்தார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலான ஹெர்வ்கள் சிதைந்துபோனவை, மீதியை உடல் அடக்கி வைத்திருக்கிறது. அந்த அடக்கம் தளர்ந்து ஆர்.என்.ஏ.வோ (டி.என்.ஏ.விலிருந்து எடுக்கப்படும் நகல்) புரதமோ உருவாகிறதா என்பதுதான் கேள்வி. எப்ஸ்டீன்-பார் வைரஸ் செல்லுக்குள் போனால் ஹெர்வ்-கே18 என்ற ஒரு ஹெர்வ் விழித்துக்கொண்டு, டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைக் கண்டபடி தூண்டும் ஒரு புரதத்தை உருவாக்க முடியும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அந்த வைரஸ் தரும் சுரப்பிக் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இந்தச் சோர்வு நிலைத்துவிடுவதால், இந்த இணைப்பு சும்மா கற்பனை இல்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வில் 12 நோயாளிகளில் 8 பேரின் சிறுகுடல் திசு ஹெர்வ் புரதத்துக்கான சோதனையில் வினை காட்டியது, ஒப்பீட்டுக்கு எடுத்த 8 பேரில் ஒருவரிடமும் இல்லை. ஆர்வமூட்டும் முடிவுதான், ஆனால் மொத்தமே 20 பேர்!

சரி, எது முந்தியது? அழற்சியும் வேறு வைரஸ் தொற்றுகளுமே ஹெர்வைத் தட்டி எழுப்பும், அதனால் அளவு கூடியிருப்பது நோயின் விளைவாகவும் இருக்கலாம். நோயாளிகளை எந்த வரையறைப்படி சேர்த்தார்கள் என்பதையும் பாருங்கள்: இந்த நோய்க்கான 1994 வரையறையில் உழைப்புக்குப் பின் உடல்நிலை மோசமாவது கட்டாய அறிகுறி இல்லை, 2015 வரையறையில் கட்டாயம்.

ஆய்வக மாதிரிகளில் வெளி வைரஸ் கலந்துவிட்டதோ என்ற சந்தேகம் எப்போதும் இருக்கட்டும். 2009இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை, 101 நோயாளிகளில் 68 பேரிடம் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற ரெட்ரோவைரஸ் இருப்பதாகச் சொன்னது, ஆரோக்கியமான 218 பேரில் 8 பேரிடம்தான். உலகமே பரபரத்தது. பிறகு பார்த்தால், 1990களில் ஒரு புரோஸ்டேட் புற்றுக்கட்டியைச் சுண்டெலிகளில் வளர்த்தபோது எலியின் சொந்த உள்ளுறை வைரஸ் துண்டுகள் இரண்டு சேர்ந்து பிறந்ததுதான் அது, ஆய்வகங்களுக்குள்ளேயே சுற்றியது. 2011 டிசம்பரில் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2012இல் வைரஸ் ஆய்வாளர் இயான் லிப்கின் குழு 147 நோயாளிகளின் ரத்தத்தை, யாருடையது என்று ஆய்வகத்துக்குத் தெரியாமல் சோதித்ததில், அந்த வைரஸின் மரபுப்பொருள் ஒருவரிடமும் இல்லை.

இதற்கிடையே சில நோயாளிகள் எச்.ஐ.வி. மருந்துகளையே விழுங்க ஆரம்பித்திருந்தார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வழக்கமான எச்.ஐ.வி. மருந்துகள், வைரஸ் புதிதாகப் படியெடுத்து டி.என்.ஏ.வுக்குள் நுழைவதைத் தடுப்பவை. ஹெர்வ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அங்கிருந்தே அது புரதம் தயாரிப்பதை அவை நிறுத்தாது, பக்கவிளைவு மட்டும் உங்களுக்கு மிஞ்சும்.