பாடம் தொடங்கும் முன் பிள்ளையைப் பாருங்கள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். "பையனுக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது டீச்சர்" என்று அம்மாக்கள் வந்து நிற்கும்போது, காலையில் என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான் என்றுதான் முதலில் கேட்பேன். நோட்டெல்லாம் அப்புறம். சின்ன வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது முகத்தைப் பாருங்கள். "சாப்பிட்டியா கண்ணு?" என்றால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். டீயும் பன்னும் என்றால் பத்தரை மணிக்கே சோர்ந்துவிடும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் நேரத்துக்கு வந்தால்தான் உப்புமாவோ கிச்சடியோ தட்டில் விழும். தாமதமாக வருகிற பிள்ளைதான் பெரும்பாலும் வீட்டிலும் சாப்பிட்டிருக்காது. அதற்கு ஒரு பங்கு எடுத்து வைக்கும்படி சமைக்கும் அக்காவிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்தது கழிப்பறை. பெண் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் வரை நிறைந்தே இருந்தால், கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். போக இடம் சரியில்லை என்றால் அவர்கள் குடிக்கவே மாட்டார்கள். தலைவலி வரும், நீர்க்கடுப்பு வரும், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கணக்கு எங்கே ஓடும்? தாழ்ப்பாள், வாளி, சோப்பு மூன்றையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள், கிடைக்கும்வரை விடாதீர்கள். வகுப்பு நடுவில் "போகணும்" என்று கேட்கும் பிள்ளையை ஒருபோதும் மறுக்காதீர்கள்.

கரும்பலகையை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா? காப்பியடிக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, தூரத்தில் நின்று எத்தனை விரல் என்று கேளுங்கள். அப்புறம் மறு கண். ஒரு கண் மட்டும் மங்கலாக இருப்பது பிள்ளைக்கே தெரியாது. காதுக்கு, பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். காதில் சீழ் வடிகிற பிள்ளை பல நேரம் "சொன்ன பேச்சு கேட்காத" பிள்ளையாகப் பெயர் வாங்கியிருக்கும். சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் அந்தப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும்.

வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். பூச்சி மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லுங்கள்.

வகுப்பில் தூங்கும் பிள்ளையை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஒரே அறை வீட்டில் இரவு பதினொன்று வரை டிவி ஓடினால் பிள்ளை என்ன செய்யும்? கொஞ்சம் தூங்க விடுங்கள். சாயங்காலம் அம்மா வரும்போது, மற்றவர்கள் முன்னால் கேட்காமல் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரி எங்கே படுக்க வைக்கிறீங்கம்மா?" என்று தொடங்குங்கள். குறை சொல்லும் குரலில் கேட்டால் மறுநாளிலிருந்து அவர் உங்கள் பக்கமே வரமாட்டார்.