ஒன்லைனில் கேம் விற்கிறவர்கள் வாங்கியவருக்குச் செய்து கொடுக்க வேண்டியவை

திருகோணமலையிலிருந்து வட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாக கேம் விற்கிறீர்களா? காசு வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: கணக்கு எந்த நாட்டுடையது? மெஷின் எந்த மொடல்? வேண்டியது டிஸ்க்கா, கோட்டா (கணக்கில் பதிந்து கேமைப் பெறும் எழுத்தும் இலக்கமும் கலந்த தொடர்)?

நாடுதான் முதல் சிக்கல். பிளேஸ்டேஷன் கணக்கு திறக்கும்போது வரும் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே ஒருவர் அமெரிக்காவைத் தெரிவுசெய்திருப்பார், இன்னொருவர் இந்தியாவை. அமெரிக்க கிஃப்ட் கார்ட் இந்தியக் கணக்கில் ஏறாது. டிஸ்க் எந்த நாட்டுடையதென்றாலும் ஓடும். ஆனால் அதற்கான மேலதிகப் பகுதிகளை அந்த டிஸ்க்கின் பிராந்தியத்துக் கணக்கிலேயே வாங்கவேண்டும். இதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மொடல் விஷயம் சுருக்கமானது. பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) டிஜிட்டல் எடிஷனோடு டிஸ்க் போடும் பகுதி வராது. டிஸ்க் போடக்கூடிய பிஎஸ்5-இல் பிஎஸ்4 டிஸ்க் பெரும்பாலும் ஓடும், பிஎஸ்3 டிஸ்க் ஓடாது.

கோட்டைப் படமாக அனுப்பாதீர்கள். எட்டும் பி எழுத்தும் குழம்பிவிடும். எழுத்தாக அனுப்பினால் அப்படியே கொப்பி பண்ணிப் போடலாம். அனுப்பிய திகதி, நேரம், ஓர்டர் இலக்கம், கோட்டின் கடைசி நான்கு எழுத்து ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். "ஏற்கெனவே பாவித்தது" என்று வந்தால் திரையின் படத்தைக் கேட்டு, இந்தக் குறிப்போடு உங்களுக்குக் கோட் தந்தவரிடம் போங்கள். பாஸ்வேர்டையோ ஓடிபியையோ ஒருநாளும் கேட்கவேண்டாம்.

ஸ்டீம், கொம்பியூட்டர் கேம் விற்கும் ஒன்லைன் கடை. "ஸ்டீம் ரீஃபண்ட் தரும்" என்று ஆளைத் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் என்ற அந்த விதி, ஸ்டீமிலேயே வாங்கியவருக்கு. வெளியில் வாங்கிய கீக்கும் (ஸ்டீமில் கேமைத் திறக்கும் கோட்) வொலட் கார்டுக்கும் ஸ்டீம் காசு திருப்பாது. அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

மார்கழி மழைக்காலத்தில் மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ பார்சல் போனால் பெட்டிக்குள் ஒரு பொலித்தீன், வெளியே இன்னொன்று. பொதி கட்டும்போது சீரியல் இலக்கம் தெரிய வீடியோ எடுங்கள். திறக்கும் வீடியோவை வாங்குபவரிடமும் கேட்கலாம். ஆனால் பெட்டி நனைந்து நசிந்திருப்பது படத்தில் தெரிந்தால், வீடியோ இல்லை என்று மறுப்பது நியாயமே இல்லை.

கொன்ட்ரோலரைத் தொடாமலே கேமில் ஆள் தானாக நகர்கிறது என்றால், அதைக் கொம்பியூட்டரில் இணைத்து, கொன்ட்ரோலர் சோதிக்கும் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கைத் தொடாமலே, திரையில் அதன் நிலையைக் காட்டும் புள்ளி நடுவிலிருந்து விலகினால் கோளாறு உண்மை. எங்கள் கடற்கரைக் காற்றின் உப்பும் ஈரமும் உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். பழைய கொன்ட்ரோலரை விற்கும் முன் நீங்களும் இதே சோதனையைச் செய்யவேண்டும்.

பற்றுச்சீட்டில் உத்தரவாத நாட்களை எழுதிக் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கியவர் மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். அவசர இலக்கம் 1977. முறைப்பாடு வந்த அன்றே, எந்த நாளில் தீர்வு கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.