மே மாத லீவுக்கு இலங்கையா? கிழக்குக் கரைக்குப் போங்கள்

அழகர் ஆற்றில் இறங்கி முடித்த கையோடு, லீவு தீர்வதற்குள் இலங்கைக்குப் போய்வரலாமா என்று மதுரையில் சில வீடுகளில் பேச்சு கிளம்பும். இங்கிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் தென்மேற்குக் கரையில் இருக்கும் காலி, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ ஊர்களின் படம் பார்த்து ரூம் போட்டுவிடாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று; கடல் கொந்தளிக்கும். நாங்கள் ஜூனில் போய், சிவப்புக் கொடிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு வந்தோம்.

அந்த மாதங்களில் திருகோணமலைதான் சரி. பக்கத்து நிலாவெளிக் கடற்கரையில் கடல் பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். பிள்ளைகளை இடுப்பளவு தண்ணீரில் தைரியமாக விடலாம். கோணேஸ்வரம் சிவன் கோயில் இருப்பது பாறை உச்சியில். கீழே பார்த்தால் நேராகக் கடல். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். தமிழிலேயே பேரம் பேசலாம், அது தனி சுகம்.

டிசம்பரில் போனால் கதை தலைகீழ்: கிழக்கில் மழை, காலிப் பக்கம் வெயில். அப்போது கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து காலிக்கு ரயிலில் போங்கள். வலப்பக்க ஜன்னலைப் பிடித்தால் கடல் கூடவே வரும்.

அப்புறம், பௌர்ணமிதோறும் அங்கே ‘போயா’ என்ற பௌத்தப் பொது விடுமுறை. காலண்டரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.