தொட்டிக்குள் கரையும் கம்பி: தண்ணீர் மட்ட சர்க்கியூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் பழகும் பிள்ளைகள் பலரும் ஒரே வேலையைத்தான் கையில் எடுக்கிறார்கள்: மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சர்க்கியூட். நல்ல தேர்வுதான், செய்த மறுநாளே வீட்டுக்குப் பயன்படும். வருத்தம் என்னவென்றால் வருடா வருடம் அதே தவறுகள்தான். எல்ஈடியைத் திருப்பிப் போடுவது, ப்ளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது எல்லாம் உடனே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம். ஒரு மாதம் ஒழுங்காக ஓடி, எல்லோரும் நம்பத் தொடங்கிய பிறகு காலை வாரும் தவறுகளைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

தொட்டிக்குள் ஓயாமல் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) கொடுப்பது

"அண்ணே, ஒரு மாசம் நல்லா ஓடுச்சு. இப்பத் தொட்டி நெறஞ்சு வழியுது, மோட்டார் நிக்கவே மாட்டேங்குது." இந்தப் பேச்சோடு வரும் சர்க்கியூட்டில் போர்டைத் திறக்கும் முன் தொட்டிக்குள் தொங்கிய வயரைப் பாருங்கள். இரண்டு செம்புக் கம்பிகளில் ஒன்று ஊசிபோல் மெலிந்து, பச்சைக் களிம்பு பிடித்து, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய இடத்தில் ஒடிந்திருக்கும். மற்றது அப்படியே இருக்கும், ஆனால் மேலே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை ஓடு கட்டியிருக்கும். ப்ளஸ் பக்கம் செம்பு தண்ணீரில் கரைகிறது. மைனஸ் பக்கம் காரத்தன்மை ஏறி, உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் படிகிறது. அந்த ஓடு கரண்டைத் தடுக்கும். எது முந்திக்கொண்டாலும் முடிவு ஒன்றுதான்: தண்ணீர் இருந்தும் "இல்லை" என்று சர்க்கியூட் நினைக்கும்.

"இத்தனூண்டு கரண்ட் என்ன செய்துவிடும்?" என்பார்கள். கணக்குப் போட்டுவிடுவோம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட். கம்பிகளுக்கு இடையே தண்ணீரின் தடை 2.5 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் ஓடுவது 0.4 மில்லி ஆம்பியர். 1 சதுர மி.மீ. கம்பியில் 5 செ.மீ. நீளத்தை உரித்துத் தொங்கவிட்டால் அதில் இருக்கும் செம்பு சுமார் 0.45 கிராம். எவ்வளவு மின்னூட்டம் எவ்வளவு உலோகத்தைக் கரைக்கும் என்று சொல்லும் ஃபாரடே விதிப்படி அதைக் கரைக்க ஏறக்குறைய 1,360 கூலும் மின்னூட்டம் போதும். 0.4 மில்லி ஆம்பியர் 34 லட்சம் விநாடி ஓடினால் அந்தக் கணக்கு சரியாகிவிடும். அதாவது 40 நாள். "ஒரு மாசம் நல்லா ஓடுச்சு" என்பதன் விளக்கம் இதுதான். கரைந்த செம்பு குடிக்கிற தண்ணீரில்தான் கலந்திருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோகம் தண்ணீரில் ஏன் அரிக்கிறது என்பதை ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அந்த ஊர்ப் பிள்ளைகளே மின்முலாம் பூசும் தொட்டி ஒன்றை மாடியில் கட்டிவிட்டு, அதை சென்சார் என்று நினைப்பது பொறுக்கவில்லை.

கம்பியை மாற்றுவது மட்டும் தீர்வாகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டாலும் ஓயாத டிசியில், அதுவும் உப்பு மிகுந்த போர் தண்ணீரில், புள்ளி புள்ளியாக அரிக்கும். செய்ய வேண்டியது கரண்டை நிறுத்துவதும் திசையை மாற்றுவதும்தான்:

1. பொதுக் கம்பியை ஆர்டுயினோவின் (புரோகிராம் போடும் சிறு போர்டு) ஒரு பின்னில் கொடுங்கள், 5 வோல்ட்டிலோ கிரவுண்டிலோ நேராகச் சேர்க்காதீர்கள். மட்டம் காட்டும் கம்பியை 10 கிலோ ஓம் வழியாக இன்னொரு பின்னில் கொடுங்கள். ரெசிஸ்டரும் கம்பியும் சேரும் இடத்தை அனலாக் பின்னில் படியுங்கள். மாடியிலிருந்து நீளமாக வயர் வருவதால் அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள்.
2. பொதுக் கம்பி 0, மற்றது 5 வோல்ட். 5 மில்லி விநாடி பொறுத்துப் படியுங்கள். கெப்பாசிட்டர் நிறைய அவ்வளவு நேரம் வேண்டும். தண்ணீர் இருந்தால் 1 வோல்ட் பக்கம் வரும், இல்லாவிட்டால் 5 வோல்ட். 3 வோல்ட்டை எல்லையாக வையுங்கள்.
3. உடனே இரண்டையும் திருப்பிப் போட்டு, அதே 5 மில்லி விநாடி விடுங்கள். படிக்க வேண்டாம். போன மின்னூட்டம் திரும்பி வந்துவிடும்.
4. இரண்டு பின்னையும் 0 ஆக்கி 10 விநாடி சும்மா இருங்கள். தொட்டி ஒன்றும் ஓடிப்போகாது.

மூன்றாவது படியை மறந்தால்கூட கரண்ட் ஓடும் நேரம் 2,000இல் ஒரு பங்காகிவிடுகிறது. கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316 போடுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் மிதவை சுவிட்ச் வாங்குங்கள். உள்ளே காந்தமும், அது அருகில் வந்தால் இயங்கும் ரீட் சுவிட்சும்தான், தண்ணீருக்குள் கரண்டே போகாது. முதல் தடவை செய்பவர்களுக்கு அதையே சொல்வேன்.

எந்த சென்சார் போட்டாலும் புரோகிராமில் கால வரம்பு கட்டாயம். தொட்டி நிறைய 25 நிமிடம் ஆகுமென்றால், சென்சார் என்ன சொன்னாலும் 35ஆவது நிமிடத்தில் மோட்டார் நின்றாக வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் பாதி நாள் ஆளே இருக்காது. வழிகிற தொட்டியைப் பார்த்து ஓடிவந்து அணைக்க யாரும் இல்லை.

டிரான்ஸ்பார்மர் இல்லாத பவர் சப்ளை

400 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்து 230 வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும் சர்க்கியூட்டைத் தண்ணீர்க் கம்பியோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதில் கிரவுண்டே லைவாக இருக்கலாம். சம்ப்பில் வாளியை விடுகிறவர் உயிருக்கு ஆபத்து.

ரிலேயில் எழுதியிருக்கும் 10 ஆம்பியரை நம்புவது

நீல ரிலேயில் "10ஏ 250வி" என்று இருக்கும். அது ஹீட்டர், குண்டு பல்பு போன்ற லோடுக்கான கணக்கு. 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அந்த 35 ஆம்பியரில் ரிலேயின் கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு புரோகிராம் நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் ஓடும். போரில் தண்ணீர் வற்றினாலும் ஓடும். கடைசியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவில் பத்து கான்டாக்டர் (மோட்டார் லோடைத் தாங்கும் பெரிய ரிலே) வாங்கியிருக்கலாம் என்று புரியும்.

ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் இயக்கட்டும். 1 எச்.பி.க்கு ஏசி-3 வகையில் (மோட்டார் லோடுக்கான கணக்கு) 9 ஆம்பியர் போதும். காயில் விடும்போது எழும் பொறியில் ஆர்டுயினோ தானாக ரீசெட் ஆகும். காயிலின் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் தொடராகப் போட்டால் அது அடங்கும்.

போர் மோட்டார் பேனல் என்றால் இன்னும் ஒன்று. பல பேனல்களில் பச்சைப் பட்டனை அழுத்திப் பிடிக்கும் வரைதான் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சேர்ந்திருக்கும். அந்தப் பட்டனுக்கு இணையாக வைத்த ரிலே 2 விநாடியில் விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் கெப்பாசிட்டர் வெடிக்கும். நிறுத்துவதற்குத் தனி ரிலே, சிவப்புப் பட்டனோடு தொடராக.

16 வோல்ட் கெப்பாசிட்டர்

12 வோல்ட் டிரான்ஸ்பார்மரை பிரிட்ஜ் வழியாக டிசி ஆக்கினால் வருவது 12 இல்லை, 15.6. லோடு இல்லாதபோது 18ஐத் தொடும். 25 வோல்ட் போடுங்கள், 35 இன்னும் நல்லது.

நவச்சாரம்

பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச அது சரி. போர்டில் சால்டர் வைக்க ரோசின் மட்டும். நவச்சாரத்தின் மிச்சம் செம்புத் தடத்தைத் தின்றுவிடும்.

பிரெட்போர்டின் ஓரக் கோடு

ப்ளஸ் மைனஸ் கொடுக்கும் அந்தக் கோடு நடுவில் துண்டாகியிருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.

மல்டிமீட்டர்

சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது 230 வோல்ட்டைத் தொடாதீர்கள்.

வைஃபை

செட்டிநாட்டு வீட்டில் ரவுட்டர் முகப்பில், மோட்டார் கொல்லையில். நடுவில் வளவும் இரண்டாங்கட்டும், அத்தனை தடித்த சுவர்களும். வயர் இழுத்துவிடுங்கள்.