நமத்த சுருட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள்

போன ஜூலையில் ஒரு நாள் மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டு பால்கனியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். வெளியே விடாத மழை. மற்ற இருவரும் சுருட்டுக்குப் புதியவர்கள். அதில் இளையவர், நிகராகுவாவின் எஸ்தெலியில் செய்த காட்டமான ரொபஸ்டோ (குட்டையான, பருமனான சுருட்டு) ஒன்றைப் பாதிகூடப் பிடிக்காமல் வைத்துவிட்டு, "ஒரே கசப்பு அண்ணா, காசு தண்டம்" என்றார். நோட்டில் பத்துக்கு மூன்று என்று மதிப்பெண்ணும் போட்டுவிட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒரு மூன்று போட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புகையை நெஞ்சுக்குள் இழுக்காதே, தலைப்பக்கம் ஆழமாக வெட்டாதே என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதற்குள் நான் போகவில்லை. காட்டமான சுருட்டுக்கு மதிப்பெண் போடும்போது புதியவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நிறத்தைப் பார்த்துக் காட்டத்தை முடிவு செய்வது

மேலிலை கறுப்பாக இருந்தால் காட்டம் என்று நினைக்கிறார்கள். மடூரோ என்ற கருநிற மேலிலை அதிக நாள் புளிக்கவைத்ததால் கறுத்தது. பெரும்பாலும் அதில் இனிப்புதான் தூக்கலாக இருக்கும். காட்டம் உள்ளே சுருட்டியிருக்கும் லிகேரோ இலையிலிருந்து வருகிறது. செடியின் உச்சியில் வெயிலை நிறைய வாங்கித் தடித்து, எண்ணெய்ப் பசையோடு இருக்கும் இலை அது. மெதுவாக எரியும். இன்னொன்று, காட்டம் வேறு, கனம் வேறு. காட்டம் நிகோடின், உடம்பில் தெரியும். கனம் என்பது புகை நாக்கில் எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்பது. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

வெறும் வயிறு

கூடவே கூடாது. கிறுகிறுத்தால் வாயில் போட்டுக்கொள்ளப் பக்கத்தில் ஒரு துண்டு வெல்லமும் இருக்கட்டும்.

ஈரத்தைச் சுருட்டின் குற்றமாக எழுதுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து 25 சுருட்டு கொண்ட ஒரு பெட்டி வாங்கிவந்து கொடுத்தார். சுருட்டுகளை அளவான ஈரத்தில் வைக்கும் பெட்டியான ஹியூமிடரில் பத்திரமாக அடுக்கினேன். உள்ளே இருந்த ஈரப்பத மீட்டர் 68 சதவீதம் காட்டியது. 65 முதல் 70 வரை இருக்கலாம் என்பதால் நிம்மதியாக இருந்தேன். ஆகஸ்டில் முதல் சுருட்டை எடுத்தேன். இழுத்தால் வரவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஓடி எரிந்தது. இரண்டு தடவை அணைந்தது, திரும்பப் பற்றவைத்தேன். வாயெல்லாம் கசப்பு. இரண்டாவது சுருட்டும் அப்படியே. மூன்று மதிப்பெண் போட்டுவிட்டு, மீதி 23ஐயும் செம்பூரில் இருக்கும் நண்பருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரியில் அவர் வீட்டுக்குப் போனபோது, பெயர்ப்பட்டையைக் கழற்றிவிட்டு ஒரு சுருட்டு கொடுத்தார். மிளகு, வறுத்த காப்பிக்கொட்டை, பழைய தோல்பையின் வாசனை. கடைசிவரை ஒரே சீராக எரிந்தது. எது என்று கேட்டேன். பட்டையை எடுத்துக் காட்டினார். என் பெட்டியேதான்.

மறுநாள் மீட்டரைச் சோதித்தேன். பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் உப்பு, அது சேறு மாதிரி குழையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்து ஒரு ராத்திரி விட்டால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 67 காட்டியது. அதாவது நான் 68 என்று நம்பிய நாளெல்லாம் உள்ளே 76. மும்பை மழைக்காலத்தில் திறந்துவைத்த அப்பளம் என்ன ஆகுமோ அதுதான் என் சுருட்டுகளுக்கும் ஆகியிருந்தது.

நமத்த இலை உப்பி, புகை வரும் வழியை அடைத்துக்கொள்கிறது. நாம் பலமாக இழுக்கிறோம். நெருப்பு சூடேறி, கசப்பு வருகிறது. காட்டமான சுருட்டில்தான் இந்தத் தொல்லை அதிகம். ஏற்கெனவே எரியச் சிரமப்படும் லிகேரோ அதில்தான் கூடுதல்.

ஆகவே மதிப்பெண் போடும் முன் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கித் திரும்பி வந்தால் சரி. பஞ்சு மாதிரி அமுங்கியே கிடந்தால் அன்றைக்குப் பற்றவைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், 65 என்று அச்சிட்ட ஈரப்பத உறையோடு (உள்ளே ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் சிறு பொட்டலம்) மூன்று வாரம் வையுங்கள். அவசரப்பட்டு ஏசி அறையில் காயவைத்தால் மேலிலை வெடித்துவிடும். பெரும்பாலும் ஒன்றுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறோம், மூன்று வாரம் பொறுக்க மாட்டோமா?

பால்கனியில் மூன்று மதிப்பெண் வாங்கிய ரொபஸ்டோவையும் எடுத்து அழுத்திப் பார்த்தேன். பஞ்சுதான்.

முதல் அங்குலத்திலேயே தீர்ப்பு

காட்டமான சுருட்டு மூன்று பகுதியிலும் மூன்று விதமாகப் பேசும். கடைசிப் பகுதிதான் உடம்பில் இறங்கும். மூன்றுக்கும் தனியாக எழுதுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் வேண்டாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் வாய் வழியாகவே ரத்தத்தில் சேர்கிறது, வாய்ப் புற்றுநோய் அபாயமும் இருக்கிறது. நான் மாதத்துக்கு இரண்டைத் தாண்டுவதில்லை. கிறுகிறுப்போ குளிர்ந்த வியர்வையோ வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள், பாதியில் விட்டதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மூக்கை மறப்பது

வாயில் நிற்கும் புகையில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் மெல்ல மூக்கு வழியாக விடுங்கள். மிளகு எங்கே, மரவாசனை எங்கே என்று அப்போதுதான் பிரித்துத் தெரியும். ஐந்தாறு இழுப்புக்கு ஒரு தடவை போதும், மூக்கு எரியும்.

சர்க்கரை போட்ட காப்பி

முடித்த பிறகு குடிக்கலாம். பிடிக்கும்போது தண்ணீர்.