பழைய ஸ்டிக்கைக் கழற்றாதீர்கள், வெட்டி எடுங்கள்

"மாமா, நான் தொடவே இல்லை, இவன் பாட்டுக்கு இடப்பக்கம் நடக்கிறான்" என்று அக்கா மகன் வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். இவன் என்றது கேமில் வரும் ஆளை. இதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்குக்கு அடியில், அது எவ்வளவு சாய்கிறது என்று மின்தடையால் காட்டும் இரண்டு சின்ன பொட்டன்ஷியோமீட்டர்கள் உண்டு. ஒன்று இடவலத்துக்கு, இன்னொன்று மேல்கீழுக்கு. உள்ளே கரிப்பூச்சுத் தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். உரசி உரசிப் பூச்சு தேய்ந்தால், ஸ்டிக் நடுவில் நின்றாலும் அளவு தப்பாகப் போகும்.

முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, ஸ்டிக்கைச் சுழற்றிக் காயவிட்டுப் பாருங்கள். தூசியாக இருந்தால் சரியாகிவிடும். இரண்டு நாளில் மறுபடி ஆரம்பித்தால் தேய்மானம்தான், மாற்றியே ஆகவேண்டும்.

இனி சொல்வது டூயல்ஷாக் 4, அதாவது பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் கணக்கு. பின்பக்கம் 4 ஸ்க்ரூ. கழற்றியதும் மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். உள்ளே ஒரு குட்டையான ரிப்பன் கேபிள் இரண்டு பாதியையும் பிடித்திருக்கும். எல்2, ஆர்2 என்ற விசைப் பட்டன்களின் ஸ்பிரிங் தெறித்து ஓடும், அதனால் திறந்தவுடன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பேட்டரி பிளக்கைப் பிடுங்கி, டச்பேட் ரிப்பனை உருவி, சர்க்யூட் போர்டில் இருக்கும் ஒரு ஸ்க்ரூவை எடுத்தால் போர்டு கையோடு வரும். அதிர்வு மோட்டார்கள் ஒயரோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அவையும் தொங்கிக்கொண்டே வரும்.

இனிதான் வேலையே. ஒரு ஸ்டிக்குக்குப் போர்டில் பற்றவைத்த 14 உலோகக் கால்: பொட்டன்ஷியோமீட்டருக்கு மூன்று மூன்றாக 6, அழுத்தும் சுவிட்சுக்கு 4, உலோகச் சட்டத்துக்கு 4. முதல் தடவை நான் ஒவ்வொன்றாகச் சூடாக்கி, பாதி ஈயம் உருகியும் உருகாமலும் இருக்கும்போதே குறடால் இழுத்தேன். ஸ்டிக் வந்தது, துளைக்குள் இருந்த செம்பு வளையமும் சேர்ந்து வந்தது. அந்தப் போர்டு இன்னும் என் டிராயரில் கிடக்கிறது.

இப்போதெல்லாம் நான் இழுப்பதே இல்லை. பழைய ஸ்டிக் எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது, அதன் மேல் என்ன கரிசனம்? பக்கவாட்டில் மாட்டியிருக்கும் பொட்டன்ஷியோமீட்டர்களை நெம்பி எடுத்து, அவற்றின் கால்களைக் கட்டிங் பிளேயரால் நறுக்குங்கள். அடுத்து சுவிட்சின் கால்கள். கடைசியில் சட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். தகட்டுத் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். இப்போது போர்டில் நிற்பவை தனித்தனிக் கால்கள் மட்டுமே. ஒன்றைச் சூடாக்கி ட்வீசரால் எடுக்க ஒரு பலமும் வேண்டாம்.

எடுப்பதற்கு முன் ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் ஃபிளக்ஸும் (ஈயம் நன்றாகப் பரவ உதவும் பசை) புது ஈயமும் வையுங்கள். தொழிற்சாலையில் வைக்கும் ஈயமில்லா சால்டர் ஏறத்தாழ 217 டிகிரியில்தான் உருகும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த 63/37 கம்பி 183 டிகிரியிலேயே இளகும். இரண்டும் கலந்தால் வேலை சுலபம். நான் சால்டரிங் அயர்னை 350 டிகிரியில் வைப்பேன். சட்டத்தின் கால்கள் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே மெல்லிய முனை உதவாது. உளி மாதிரி தட்டையான முனை போடுங்கள். அடைபட்ட துளைக்கு என் வைத்தியம் பல்குத்தும் மரக்குச்சி: ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குச்சி. மரத்தில் ஈயம் ஒட்டாது.

புது ஸ்டிக்கைப் பொருத்தும் முன் மல்டிமீட்டரால் ஒரு சோதனை. ஓரக்கால் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு ஓம் காட்டுகிறதோ, நடுக்காலுக்கும் ஓர் ஓரக்காலுக்கும் நடுவே ஏறத்தாழ அதில் பாதி வரவேண்டும். வரவில்லையா, பற்றவைத்துவிட்டு அழுவதை விட இப்போதே ஒதுக்கிவிடலாம். ஹால் வகை ஸ்டிக்குக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் ஸ்டிக்கோடு அசையும் காந்தத்தை ஒரு சென்சார் தொடாமலே அளக்கிறது. உரசல் இல்லாததால் அந்த மாதிரித் தேய்மானமும் இல்லை. ஆனால் பொருத்திய பின் மைய அளவைத் திருத்தாமல் விடக்கூடாது.

முதலில் சட்டத்தின் ஒரு காலை மட்டும் பற்றவைத்து, போர்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். சாய்ந்திருந்தால் இப்போதுதான் திருத்த முடியும். அப்புறம் எதிர் மூலை, பிறகு மற்றவை. மூடும் முன் யுஎஸ்பியில் இணைத்து, ஸ்டிக்கை நாலு பக்கமும் தள்ளி, அழுத்தியும் பாருங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

மூடிய பிறகு சார்ஜ் விளக்கு எரியவில்லையென்றால் பதற்றம் வேண்டாம். எனக்கு அப்படி ஆன போதெல்லாம் ரிப்பன் கேபிள்தான் ஒரு மயிரிழை வெளியே நின்றிருந்தது.