செவில் நகரத்துத் தபாஸ் பாருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

தபாஸ் என்பது ஒரு பலகாரத்தின் பெயர் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது அளவின் பெயர். கீரையோ மீனோ இறைச்சியோ, சின்னத் தட்டில் வந்தால் அது தபா. அரைத் தட்டு 'மீடியா ராசியோன்', முழுத் தட்டு 'ராசியோன்'. இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் ஸ்பெயினின் தெற்கே செவில் நகரத்தில் எந்தப் பாருக்குள்ளும் தைரியமாக நுழையலாம்.

படி 1: நேரம்

மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை, இரவு எட்டரைக்கு மேல். ஏழு மணிக்கே போனால் கதவு திறந்திருக்கும், சமையலறை பல இடங்களில் திறந்திருக்காது. முதல் நாள் நான் ஆலிவ் காய்களைக் கொறித்தபடி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.

படி 2: நிற்க ஓர் இடம்

மேசை தேடாதீர்கள். கவுண்டரில் ஒரு முழங்கை ஊன்ற இடம் கிடைத்தால் போதும். அதை 'பார்ரா' என்பார்கள், பாரின் உயிரே அங்கேதான். மேசையில் உட்கார்ந்தால் பெரிய தட்டு மட்டுமே தரும் கடைகளும் உண்டு. வரிசை என்று ஒன்று இருக்காது. பரிமாறுபவரின் கண்ணைப் பார்த்து "ஓலா" (வணக்கம்) சொல்லுங்கள். அவருக்கு வேலை அதிகம் என்றால் "குவாந்தோ புவேதாஸ்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 'உங்களுக்கு முடியும்போது' என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த ஸ்பானிய வாக்கியம் இது.

படி 3: முதலில் குடிக்க

'கான்யா' என்றால் சின்ன கிளாஸில் பீர். 'மன்சானியா' என்பது சான்லூக்கர் ஊரின் ஷெர்ரி, அதாவது ஒரு வகைத் திராட்சை மது, சில்லென்று வரும். மது வேண்டாம் என்றால் 'மோஸ்தோ சின் அல்கோல்' கேளுங்கள், மது இல்லாத திராட்சைச் சாறு. வெறும் 'மோஸ்தோ' என்றால் செவில் பக்கத்தில் புதுத் திராட்சை மதுவாகவும் இருக்கலாம். கிரனாடா நகரில் பானத்தோடு ஒரு தபா இலவசமாக வரும். செவிலில் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

படி 4: சாப்பிட

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். ஆளுக்கு ஒன்று சொல்லி, அதைத் தின்று முடித்து, பிறகு அடுத்தது. மெனு அட்டையைவிடச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருப்பதை நம்புங்கள், அன்றைக்குச் செய்தது அதில்தான் இருக்கும்.

முதல் தட்டாக நான் எப்போதும் சொல்வது 'எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்'. கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து, பூண்டு, சீரகம், வறுத்து இடித்த ரொட்டி போட்டுக் கெட்டியாக வேகவைத்தது. வாய்க்குள் போனதும் அந்தச் சீரக வாசனை நம் நாக்குக்கு உடனே அடையாளம் தெரியும். மீன் சாப்பிடுவோருக்கு 'அதோபோ': வினிகரிலும் மசாலாவிலும் ஊறப்போட்டுப் பொரித்த சுறா வகை மீன்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னாலும் 'ஹமோன்' வந்துவிடலாம். ஹமோன் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை. அதை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் அங்கே நிறைய. 'சால்மோரெஹோ' என்னும் குளிர்ந்த தக்காளிக் கூழின் மேல்கூட அவித்த முட்டையோடு தூவியிருப்பார்கள். எனவே "சின் ஹமோன், சின் அதூன்" என்று பெயர் சொல்லியே மறுங்கள்: ஹமோன் இல்லாமல், சூரை மீன் இல்லாமல். உருளைக்கிழங்கு சாலட்டில் சூரை ஒளிந்திருக்கும்.

மேலே கூரையிலிருந்து முழுத் தொடைகள் தொங்குவதைப் பார்த்தால் மிரள வேண்டாம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குட்டிக் கிண்ணம் செருகியிருப்பார்கள், கொழுப்பு உங்கள் தலையில் சொட்டாமல் இருக்க.

படி 5: கணக்கு

ஒவ்வொரு தட்டுக்கும் உடனே காசு நீட்ட வேண்டாம், கடைசியில் "லா குவெந்தா, போர் ஃபாவோர்" (தயவுசெய்து கணக்கு) என்றால் போதும். ரொட்டிக்குத் தனியாகச் சில்லறை ஏறியிருக்கலாம், அது வழக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை, மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வரலாம்.

ஒரே ஒரு பாருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், சாந்தா கத்தலீனா தேவாலயத்துக்கு அருகிலுள்ள 'எல் ரின்கோன்சியோ'வுக்குப் போங்கள். 1670இல் தொடங்கியது. உங்கள் கணக்கை உங்கள் எதிரிலேயே, கவுண்டரின் மரப்பலகை மேல் சாக்பீஸால் எழுதுவார்கள். தட்டு வர வர எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். முழங்கையை அதன்மேல் வைத்து அழித்துவிடாமல் நில்லுங்கள். காசு கொடுத்ததும் பரிமாறுபவர் பலகையைத் துடைத்துவிட்டு, அடுத்து வந்தவருக்கு முதல் எண்ணை எழுதுவார்.